வெளியேறியவர்களைக் கேட்காத வாடகைக் கணக்கு

ஒரு நகரத்தின் வாடகை நிலவரம் பற்றிய அறிக்கை எது கைக்கு வந்தாலும், அதில் உள்ள எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணை யாரிடம் கேட்டு எழுதினார்கள் என்று தேடிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீடு தேடி அலைந்துகொண்டிருப்பவர் சொல்லும் வாடகை ஒன்று. அதே தெருவில் பத்தாண்டுகளாகக் குடியிருப்பவர் மாதந்தோறும் கொடுக்கும் வாடகை இன்னொன்று. அரசின் புள்ளியியல் துறை அந்தத் தெருவையும் சேர்த்து வெளியிடும் வாடகை மூன்றாவது. மூன்றுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கும்; ஆனாலும் மூன்றில் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. வாடகை ஏறிவிட்டதா, தணிந்துவிட்டதா, நடுத்தர வருமானக்காரருக்குக் கட்டுப்படியாகிறதா என்று நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி, ஆளுக்கொரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது. இந்த மூன்று எண்களுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. வாடகை கொடுத்து மாளாமல் அந்த ஊரைவிட்டே போனவரை இவற்றில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. வீட்டுச் சந்தையைப் பற்றி நாம் எடுக்கும் தவறான முடிவுகளில் பலவும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் விளம்பர வாடகையை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் வரும் வாடகை விளம்பரங்களைத் திரட்டிச் சராசரி போடுவது எளிது என்பதால் செய்திகளில் அதிகம் அடிபடுவது இதுதான். நியாயமான வாடகைக்கு வரும் வீடு பெரும்பாலும் விளம்பரத்துக்கே வருவதில்லை; காலி செய்கிறவரே தமக்குத் தெரிந்தவரிடம் சொல்லிவிடுவார், அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் உறவினர் வந்து முன்பணம் கொடுத்துவிடுவார். வாடகை கூடுதலாகக் கேட்கப்படும் வீடோ வாரக்கணக்கில் தளத்தில் தங்கிக் கிடக்கும். உரிமையாளர் புகைப்படத்தை மாற்றி மறுபடியும் போடுவார். இரண்டு தரகர்கள் அதே வீட்டைத் தனித்தனியாகப் போடுவார்கள். ஒரே சமையலறை ஜன்னல் மூன்று விளம்பரங்களில் மூன்று கோணங்களில் தெரியும். தேங்கிப்போன இந்த வீடு சராசரியில் பலமுறை எண்ணப்படும். ஒரே நாளில் கைமாறிய வீடு ஒருமுறைகூட எண்ணப்படாது. கடைசியில் எந்த வாடகைக்குப் பேசி முடிந்தது என்பதும் தளத்துக்குத் தெரியாது. சந்தை கலைந்தபின் கூடையில் மிஞ்சிய காய்களைப் பார்த்து அன்றைய விலையைச் சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

அரசுக் கணக்கு இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம், நுகர்வோர் விலைக் குறியீட்டுக்காகத் தேர்ந்தெடுத்த மாதிரி வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடகையை விசாரிக்கிறது. புதிதாகக் குடிவந்தவர், பழைய குடித்தனக்காரர் என்று அதில் பிரித்துப் பார்ப்பதில்லை. பழைய குடித்தனக்காரரின் வாடகை மெதுவாகவே நகரும் என்பதால், சந்தையில் ஏற்பட்ட மாற்றம் குறியீட்டில் முழுதாகத் தெரிய ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கிறது. அந்தப் பணியகத்தின் தரவுகளைக் கொண்டே செய்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, புதுக் குடித்தனங்களின் வாடகை மொத்தக் குறியீட்டுக்கு நான்கு காலாண்டுகள் முன்னால் செல்வதைக் காட்டியது. 2021இல் வீடு தேடியவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது குறியீடு சாதுவாக இருந்ததும், 2023இல் புதிய வாடகைகளின் வேகம் தணிந்தபின் குறியீடு உச்சத்தில் நின்றதும் இதனால்தான். குறியீட்டைப் பொய் என்று திட்டியவர்களுக்கும், வீடு தேடியவர்களின் புலம்பலை மிகை என்று ஒதுக்கியவர்களுக்கும் அந்த இரண்டு ஆண்டுகளும் மாறி மாறிச் சாதகமாக இருந்தன.

ஜெர்மனியில் இந்தச் சிக்கல் சட்டத்துக்குள்ளேயே குடியேறியிருக்கிறது. உரிமையாளர் ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தில் வாடகையை எந்த அளவு வரை உயர்த்தலாம் என்பதற்கு அளவுகோலாக அங்கே பல ஊர்களில் ‘மீட்ஷ்பீகல்’ என்னும் வாடகைப் பட்டியல் தயாரிக்கிறார்கள். குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் புதிதாகப் பேசப்பட்ட அல்லது மாற்றப்பட்ட வாடகைகள் மட்டுமே அதில் சேரும். அந்தக் காலவரம்பு 2019 முடிய நான்கு ஆண்டுகளாக இருந்தது. 2020 தொடக்கத்தில் அதை ஆறு ஆண்டுகளாக நீட்டினார்கள். அன்றைக்கு எந்த வீட்டின் வாடகையும் மாறிவிடவில்லை. ஆனால் இன்னும் இரண்டு ஆண்டுகளின் பழைய, மலிவான ஒப்பந்தங்கள் கணக்குக்குள் வந்ததால், அளவுகோல் ஏறும் வேகம் மட்டுப்படும்படி ஆனது. திருத்தத்தின் நோக்கமும் அதுதான். யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற வரையறையையே வாடகைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

புதிய அடுக்குமாடிகள் எழும்பும் பகுதியில் இன்னொரு குழப்பமும் சேரும்: இருக்கிற வீடுகளில் ஒருவருக்குக்கூட வாடகை ஏறாமல், விலையுயர்ந்த புது வீடுகள் பட்டியலில் சேர்ந்ததாலேயே சராசரி ஏறிவிடும். ஒரே வீட்டின் வாடகையைக் காலந்தோறும் பின்தொடர்ந்து அளந்தால் இது தீரும். அப்படி அளக்கும் குறியீடுகள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன என்பதால் இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை.

வாடகை எவ்வளவு என்பதிலிருந்து அது கட்டுப்படியாகிறதா என்பதற்குப் போகும்போதுதான் மனிதர்கள் கணக்குக்குள் வருகிறார்கள். பெர்லின் நகரத்தின் புள்ளியியலாளர் ஹெர்மன் ஷ்வாபே, வருமானம் குறையக் குறைய அதில் வாடகைக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று 1868இலேயே தரவுகளோடு காட்டினார். நூற்றாண்டு கழித்து, 1969இல், அமெரிக்காவின் பொதுக் குடியிருப்புகளில் வாடகை என்பது வருமானத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. 1981இல் அந்த வரம்பு 30ஆக உயர்த்தப்பட்டது. அரசு மானியம் பெறும் குடியிருப்புகளுக்காக, வரவுசெலவுத் திட்டத்தின் நெருக்கடிக்கேற்ப நகர்த்தப்பட்ட இந்த 30தான், பிற்காலத்தில் உலகெங்கும் ‘ஒரு குடும்பம் வாடகைக்குக் கொடுக்கத்தக்க அளவு’ என்று இயற்கை விதியைப் போல மேற்கோள் காட்டப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அமைப்பு, செலவிடத்தக்க வருமானத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குப் போனால்தான் அதை மிகைச்சுமை என்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 30ஐ வைத்துக்கொண்டாலும், வருமானப் படிநிலையில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு மட்டுமே அதைப் பொருத்துகிறார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது; ஏனெனில் கைநிறையச் சம்பாதிக்கும் தம்பதியர் பாதி வருமானத்தை ஆடம்பர வீட்டுக்குக் கொடுத்தால் அது அவர்களுடைய விருப்பம், நான்கு பிள்ளைகளை வைத்திருக்கும் தினக்கூலிக் குடும்பம் வருமானத்தில் கால் பங்கை மட்டுமே வாடகைக்குக் கொடுத்தாலும் மிச்சத்தில் மாதத்தை ஓட்ட முடியாமல் போகலாம். வாடகை போக மீதம் எவ்வளவு, அந்த மீதத்தில் அத்தனை வயிறுகளுக்கும் சோறும் பிள்ளைகளுக்குப் படிப்பும் மருந்தும் முடியுமா என்று பார்க்கும் முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. கணக்குப் போடுவது கடினம் என்ற ஒரே காரணத்தால் அது ஓரமாக நிற்கிறது.

ஆனால் எந்த விழுக்காட்டை வைத்துக்கொண்டாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அதைப் பொதுவாகச் சொல்வதைவிடச் சிறு கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்துக் குடித்தனங்கள் உள்ள ஒரு தெருவை வைத்துக்கொள்வோம். ஐந்து குடும்பங்களுக்கு மாத வருமானம் 100. அவர்கள் கொடுக்கும் வாடகை 25. மற்ற ஐந்து குடும்பங்களுக்கு வருமானம் 40, வாடகை 20. முதல் ஐந்தின் சுமை 25 விழுக்காடு, அடுத்த ஐந்தின் சுமை 50 விழுக்காடு. தெருவின் சராசரிச் சுமை 37.5. சில ஆண்டுகளில் வாடகை ஏறுகிறது. 100 சம்பாதிப்பவர்கள் இப்போது 30 கொடுக்கிறார்கள். 40 சம்பாதிப்பவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஐந்து குடும்பங்களும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகின்றன. உரிமையாளர்கள் தரையை மாற்றி, சுவருக்கு வண்ணம் பூசி, அதே வீடுகளை 120 சம்பாதிக்கும் ஐந்து குடும்பங்களுக்கு 36க்கு விடுகிறார்கள். இப்போது தெருவில் உள்ள பத்துக் குடும்பங்களின் சுமையும் 30 விழுக்காடு. சராசரி வாடகை 22.5லிருந்து 33 ஆகி, ஏறக்குறைய பாதியளவு உயர்ந்திருக்கிறது. சராசரிச் சுமையோ 37.5லிருந்து 30க்கு இறங்கியிருக்கிறது. வருமானத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கும் குடும்பங்கள் முன்பு ஐந்து இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் அந்தத் தெரு முன்னேற்றம் கண்ட தெருவாகப் பதிவாகும்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, எந்தக் கூட்டலும் தப்பவில்லை என்பதுதான் வேதனையானது. கேள்வித்தாளோடு கதவைத் தட்டியவர் அன்றைக்குக் கதவைத் திறந்தவரிடம் கேட்டார். ஆகவே, ஒரு பகுதியில் வாடகைச் சுமை குறைந்திருக்கிறது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அதே பகுதியில் குடியிருப்போரின் சராசரி வருமானம் அதே காலத்தில் எவ்வளவு தாவியது, குடியிருப்போரில் எத்தனை பேர் அங்கே புதியவர்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. குடியிருப்போரின் வயது, கல்வி, குடும்ப அளவு பற்றிய அட்டவணைகள் இத்தகைய அறிக்கைகளில் கடைசிப் பக்கங்களில் இணைப்பாகக் கிடக்கின்றன. அவற்றை முதலில் படித்துவிட்டுத்தான் வாடகை அட்டவணைக்கு வர வேண்டும்.

மாணவர்கள் நிறைந்த பகுதி காகிதத்தில் வறுமைப் பகுதியாகத் தெரியும். பெற்றோர் அனுப்பும் பணம் வருமானமாகப் பதிவாகாததே காரணம். சொந்த வீட்டில் கடனின்றி இருக்கும் முதியவர்கள் மிகுந்த பகுதியில் வருமானம் குறைவு, சுமையும் குறைவு. அந்த முதியவர்கள் காலமானபின் அதே வீடுகளுக்குள் யார் நுழைய முடியும் என்ற கேள்விக்கு அந்தச் சராசரியில் விடையில்லை.

குடித்தனத்தின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மக்கள்தொகை கூடினால் வாடகை ஏறும், குறைந்தால் இறங்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். வீட்டில் குடியேறுவது மக்கள்தொகை அல்ல, குடித்தனம். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் 25,000 வீடுகள் போதும். அதே ஒரு லட்சம் பேர் குடும்பத்துக்கு இரண்டு பேராகப் பிரிந்தால் 50,000 வீடுகள் வேண்டும். அமெரிக்காவில் 1940இல் தனியாளாக வாழ்ந்த குடித்தனங்கள் மொத்தத்தில் 7.7 விழுக்காடு, 2020இல் அது 27.6 விழுக்காடு. ஜப்பானில் 2020 கணக்கெடுப்பின்படி குடித்தனங்களில் 38 விழுக்காடு தனியாட்கள், சராசரிக் குடும்ப அளவு 2.21. அந்த நாட்டில் 2015க்கும் 2020க்கும் இடையில் மக்கள்தொகை 9 லட்சத்துக்கும் மேல் குறைந்தது. அதே ஐந்து ஆண்டுகளில் குடித்தனங்கள் 20 லட்சத்துக்கும் மேல் கூடின. ஆள் குறைந்துகொண்டிருக்கும் நாட்டில் வீடு எதற்கு என்று கேட்பவருக்கு இந்த ஒரு வரி போதும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. வாடகை மிகுந்தால் குடித்தனங்கள் பிறப்பதே நின்றுபோகும். தனிக்குடித்தனம் போக நினைத்த தம்பதியர் பெற்றோர் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கிவிடுவார்கள். மணமுறிவுக்குப் பிறகும் சிலர் ஒரே வீட்டில் இருப்பார்கள். வேலைக்கு வந்த இளைஞர் தனி வீடு எடுக்காமல் நான்கு பேரோடு அறையைப் பகிர்வார். ஐரோப்பாவில் இளைஞர்கள் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறும் சராசரி வயது பின்லாந்தில் ஏறக்குறைய 21. குரோஷியாவில் 30க்கு மேல். பண்பாடு, வேலைவாய்ப்பு என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் பெற்றோர் வீட்டில் இருக்கும் 30 வயதுக்காரரின் வாடகைச் சுமை சுழியம் என்று பதிவாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுப்படியாகாத வீட்டை அவர் எடுக்கவில்லை. ஆகவே கட்டுப்படியாகாதவர்களின் பட்டியலில் அவர் இல்லை. ஹாங்காங்கில் ஒரு வீட்டையே பல துண்டுகளாகத் தடுத்து வாடகைக்கு விட்ட உட்பிரிவுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வது 2021 கணக்கெடுப்பில் பதிவானது. அங்கே ஒரு குடித்தனத்தின் வாடகையை மட்டும் பார்த்தால் அது சிறிய தொகையாகத் தெரியும்; அதே தொகையைச் சதுர அடிக்கு வகுத்தால் நல்ல அடுக்குமாடியின் வாடகையையும் மிஞ்சிவிடும்.

இந்தியாவின் கணக்கு இதைவிட விசித்திரமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகர்ப்புறங்களில் ஏறக்குறைய 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே, நகர்ப்புற வீட்டுத் தட்டுப்பாட்டை மதிப்பிட மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அந்தப் பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் வருமானப் படிநிலையின் கடைசி இரண்டு தட்டுகளைச் சேர்ந்தவர்களுடையது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஏறக்குறைய 80 விழுக்காடு நெரிசலால் வந்தது: அதாவது அந்தக் குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை, மணமான மகனும் மருமகளும் தனியறை இல்லாமல் ஒரே வீட்டுக்குள் திணிந்திருந்தார்கள். பூட்டிய வீடுகளின் சாவியை எடுத்து நெரிசலில் இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீராதா என்று தோன்றும். பூட்டிய வீடு இருக்கும் இடமும், அதன் வாடகையும், குடிவைத்தால் காலி செய்ய மாட்டார்களோ என்ற உரிமையாளரின் அச்சமும் அந்த எளிய கழித்தலைச் செய்யவிடுவதில்லை. ஜப்பானிலும் 2023 கணக்குப்படி 90 லட்சம் வீடுகள் காலி, மொத்தத்தில் 13.8 விழுக்காடு, அவற்றில் பலவும் வேலை இருக்கும் இடத்தில் இல்லை.

தென்கொரியாவில் மாத வாடகை என்ற அளவுகோலே முழுதாகப் பொருந்தாது. போக்கியத்துக்கு வீடு எடுப்பதைப் போன்ற ‘ஜொன்சே’ முறையில், வீட்டு விலையில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள். போகும்போது முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். மாதச் சுமை என்று பார்த்தால் அந்த முறையில் கைக்காசு போட்டவருக்குச் சுமை எதுவும் இல்லை. அந்த மொத்தத் தொகையைத் திரட்ட முடியாதவர் வேறு அட்டவணையில் இருப்பார். 2022க்குப் பிறகு வீட்டு விலை சரிந்தபோது பணம் திரும்பாமல் போனவர்களின் இழப்பும் எந்த வாடகைக் குறியீட்டிலும் ஏறவில்லை.

வாடகைக் கட்டுப்பாடு பற்றிய சண்டையும், உள்ளே இருப்பவர், வெளியே நிற்பவர் என்ற இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் புரிவதில்லை. பம்பாயில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940 அளவில் உறைய வைத்தது. குடியிருந்தவர்கள் தலைமுறைகளாகக் காப்பாற்றப்பட்டார்கள். உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். புதிதாக வருபவர் அந்த மலிவு வாடகைக்குள் நுழைய ‘பகடி’ என்ற பெருந்தொகையைக் கொடுக்க வேண்டியிருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 1994இல் சிறு கட்டடங்களுக்கும் கட்டுப்பாடு விரிவாக்கப்பட்டதை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு இரண்டு பக்கத்தையும் அளந்தது: கட்டுப்பாட்டுக்குள் வந்த குடித்தனக்காரர்கள் அதே முகவரியில் நீடிக்கும் வாய்ப்பு 10 முதல் 20 விழுக்காடு கூடியது, அந்தக் கட்டடங்களில் உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 விழுக்காடு குறைத்துக்கொண்டார்கள், அதன் விளைவாக நகரம் முழுவதும் வாடகை 5.1 விழுக்காடு ஏறியது. பெர்லினில் 2014க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 2020 பிப்ரவரியில் வாடகை உச்சவரம்பு வந்தது. அந்த வீடுகளின் வாடகை இறங்கியது, வாடகைக்கு வரும் விளம்பரங்கள் பாதிக்கும் கீழே சுருங்கின. 2021 ஏப்ரலில், இந்த விஷயத்தில் தனி மாநிலமாகவும் உள்ள பெர்லினுக்கு அதிகாரமில்லை என்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

இந்த எடுத்துக்காட்டுகளை வைத்துக்கொண்டு கட்டுப்பாடே கூடாது என்று முடிப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஒரு முதியவர் தம் மருத்துவரும் நண்பர்களும் இருக்கும் தெருவில் நீடிக்க முடிவது சாதாரணப் பயனல்ல. அதைச் சந்தையில் காப்பீடாக எங்கும் வாங்க முடியாது. ஆனால் அந்தக் காப்பீட்டுக்கான கட்டணத்தை, இன்னும் ஊருக்குள் வராத, ஆகவே வாக்குரிமையும் குரலும் இல்லாத ஒருவர் கட்டுகிறார் என்பதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. மலிவான பொது வீடுகளுக்காக எல்லோரும் புகழும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கும் இது பொருந்தும். அங்கே 1923இல் வீட்டுவரி விதித்து, அதைக் கொண்டு 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை மாநகராட்சியே கட்டியது. இன்று ஏறக்குறைய 2.2 லட்சம் வீடுகள் அதன் கையில் இருக்கின்றன, நகர மக்களில் சுமார் பாதிப்பேர் மாநகராட்சி வீட்டிலோ இலாபத்துக்கு வரம்பு வைத்து நடக்கும் வீட்டுவசதிச் சங்கங்களின் வீட்டிலோ வாழ்கிறார்கள். கட்டியதை விற்காமல் வைத்திருந்ததுதான் அதன் சாதனை. ஆனாலும் மாநகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க அந்த நகரத்தில் இரண்டு ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. நேற்று இறங்கிய புலம்பெயர் தொழிலாளி அந்த இரண்டு ஆண்டுகளையும் திறந்த சந்தையில்தான் கழிக்க வேண்டும்.

கூடுதலாகக் கட்டுவதுதான் வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தபின் கட்டுமானம் பெருகியதும், அனுமதித்திராவிட்டால் வாடகை இதைவிட அதிகமாக இருந்திருக்கும் என்று ஆய்வுகள் காட்டியதும் எனக்குப் போதுமான சான்றுகள். எழும்பும் எதிர்ப்பும் நியாயமானது: கட்டுகிறவர்கள் விலையுயர்ந்த வீடுகளைத்தானே கட்டுகிறார்கள், அதில் ஏழைக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விக்கு வீட்டை அளந்து பதில் சொல்ல முடியாது, ஆளைப் பின்தொடர்ந்தால்தான் முடியும். பின்லாந்தில் ஒவ்வொருவரின் முகவரி மாற்றமும் மக்கள் பதிவேட்டில் ஏறுகிறது. 1990இலிருந்து அங்கே கணக்கெடுப்பே பதிவேடுகளிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஹெல்சிங்கியின் மையப் பகுதியில் சந்தை விலைக்குக் கட்டிய புது வீடுகளில் குடிவந்தவர் எங்கே காலி செய்தார், அந்த வீட்டுக்கு வந்தவர் எங்கே காலி செய்தார் என்று ஆய்வாளர்கள் சங்கிலியாகத் தொடர்ந்து போனார்கள். ஒவ்வொரு 100 புது வீடுகளுக்கும், வருமானத்தில் கீழ்ப்பாதியில் உள்ள பகுதிகளில் ஏறக்குறைய 60 வீடுகள் காலியாயின. அவற்றில் 29 மிகவும் ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்குப் பகுதிகளில் இருந்தன.

பதிவேடு இல்லாத நாடுகளில் கேள்வித்தாள்தான் துணை. அமெரிக்க அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றில் வீடு மாறியவர்களிடம் காரணம் கேட்கும்போது, ‘மலிவான வீடு வேண்டியிருந்தது’ என்பது தனி விடையாக இருக்கிறது. இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் இடம்பெயர்வுக்குக் கொடுக்கப்பட்ட காரணங்கள்: வேலை, வணிகம், கல்வி, திருமணம், பிறந்தபின் இடம்மாறுதல், குடும்பத்தோடு இடம்மாறுதல், மற்றவை. வாடகை என்று ஒரு கட்டம் அதில் இல்லை. மேலும் ஒரே நகரத்தின் எல்லைக்குள் மையத்திலிருந்து விளிம்புக்குத் தள்ளப்பட்டவர் அந்தக் கணக்கில் இடம்பெயர்ந்தவரே அல்ல.